கடைக்காரர் கேட்கும் போன் நம்பர்

(எங்கள் தோட்டத்துச் சேமிப்புக் குழுக் குடும்பங்கள் யாழ்ப்பாணம் பார்க்கச் சென்றிருந்தபோது, வட்டுக்கோட்டையில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் தரப்படுகிறது.)



இன்றைக்கு நான் பிள்ளைகளின் போஷாக்கு பற்றித்தான் பேசுவதாக இருந்தது. அதைத் தோட்டத்துக்குப் போய்ப் பேசிக் கொள்ளலாம். நேற்று பின்னேரம் நாம் எல்லாரும் யாழ்ப்பாணம் டவுனில் ஒரு பெரிய புடவைக் கடைக்குப் போனோம். நாற்பது பேர் போனோம். பில் போடுகிற இடத்தில் இருந்த தங்கச்சி ஒவ்வொருவரிடமும் மரியாதையாக, "அம்மா, போன் நம்பர் சொல்லுங்கோ" என்று கேட்டார். நம்மில் ஒருவராவது ஏன் என்று கேட்டோமா? இல்லை. ரேஷன் கார்ட் நம்பரைச் சொல்கிற மாதிரி வரிசையாகச் சொல்லிவிட்டு வந்தோம். பஸ் மானிப்பாயைத் தாண்டவில்லை, பின் சீட்டில் இருந்து டிங் டிங் என்று சத்தம். கடையில் இருந்து மெசேஜ் வந்துவிட்டது. ஒரு ஆச்சி பயந்து போய், "வீட்டில் ஏதும் விசேஷமா பாருங்க ஐயா" என்று போனை என்னிடம் நீட்டினார். பார்த்தால், அடுத்த கிழமை சாரி மலிவு விற்பனையாம்.

எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஆச்சியின் நெஞ்சு படபடத்ததை நான் பார்த்தேன். அதனால்தான் விஷயத்தை மாற்றினேன்.

முந்தி எப்படி? சம்பளத்தன்று பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் புடவை மூட்டைக்காரர் வந்து நிற்பார். அலுமினியச் சட்டிக்காரர் வருவார். அவர்களும் சாமான் விற்கத்தான் வந்தார்கள், நம் கையில் சல்லி இருக்கிற நாளைப் பார்த்துத்தான் வந்தார்கள். ஆனால் அவர் மலை ஏறி வரவேண்டும். மழையில் நனைய வேண்டும். நாம் அவர் முகத்தைப் பார்த்து, "இந்த மாதம் வேண்டாம் தம்பி, மகளுக்குப் புத்தகம் வாங்கணும்" என்று சொல்லலாம். அவரும் மூட்டையைக் கட்டிக் கொண்டு அடுத்த லயத்துக்குப் போவார். இன்றைக்கு மூட்டைக்காரர் மலை ஏற வேண்டியதில்லை. ஒரு பட்டனைத் தட்டினால் பத்தாயிரம் காம்பராவுக்குள் ஒரே நேரத்தில் நுழைந்துவிடுகிறார். நாம் அடுப்படியில் இருந்தாலும் சரி, கொழுந்து மலையில் இருந்தாலும் சரி, கூடவே இருக்கிறார். முகம் இல்லாத ஆளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

உலகத்தின் முதல் மெசேஜ் 1992 டிசம்பர் 3 ஆம் திகதி இங்கிலாந்தில் போனது. நீல் பாப்வர்த் என்ற இளம் பொறியியலாளர் கம்ப்யூட்டரில் அடித்து, இன்னொருவரின் போனுக்கு நத்தார் வாழ்த்து அனுப்பினார். அதில் விற்பனை ஒன்றும் இல்லை, இரண்டு சொல் வாழ்த்து மட்டும்தான். நம் நாட்டில் 1989 இலேயே கைத்தொலைபேசி வந்துவிட்டது. என்றாலும் லயத்துக்கு வர எத்தனை வருஷம் ஆனது என்று உங்களுக்கே தெரியும். இந்த யாழ்ப்பாணத்துக்கு 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் வந்தது. சண்டைக் காலத்தில் இங்கே பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்க வழி இல்லாமல் தாய்மார் தவித்திருக்கிறார்கள். அப்படித் தவம் இருந்து கிடைத்த போனில்தான் இப்போது சோப்பு வாங்கு, சட்டி வாங்கு என்று மணி அடிக்கிறது.

சரி, இந்த மெசேஜ் ஏன் தமிழில் வருவதில்லை என்று நேற்று ராத்திரி ஒரு தங்கச்சி கேட்டார். நல்ல கேள்வி. ஒரு மெசேஜில் இங்கிலீஷ் எழுத்து என்றால் 160 கொள்ளும். தமிழ் எழுத்து என்றால் 70 தான் கொள்ளும். அதிலும் போனின் கணக்கு நம் கணக்கு இல்லை. "தீபாவளி" என்று எழுதினால் நமக்கு நாலு எழுத்து. போனுக்கு ஏழு. 'தீ' என்ற எழுத்தை அது 'த' ஒன்று, மேலே போடுகிற சுழி ஒன்று என்று பிரித்து எண்ணும். ஆக, கொஞ்சம் நீளமாகத் தமிழில் எழுதினால் அது இரண்டு மூன்று மெசேஜ் ஆகிவிடும். கடைக்காரர் மெசேஜ் கணக்குக்குத்தான் போன் கம்பெனிக்குக் காசு கட்டுகிறார். அதனால் இங்கிலீஷில் அனுப்புகிறார், இல்லாவிட்டால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி அனுப்புகிறார். அவருக்குச் செலவு மிச்சம். நமக்கு? படிக்கத் தெரியாத மெசேஜை யாரிடமாவது காட்ட வேண்டி வருகிறது. ஒரு அக்கா தன் போனை டவுன் கடைப் பையனிடம் கொடுத்து, "இது என்னான்னு பாரு தம்பி" என்றிருக்கிறார். அவன் கடை மெசேஜைப் பார்த்தான், அதுக்குக் கீழே பேங்கில் இருந்து வந்த சம்பள மெசேஜையும் பார்த்தான். அக்காவின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்கே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. தெரிய வேண்டியது இல்லை என்றுதான் சொல்கிறேன்.

கடைக்காரர் நம் நம்பரை வாங்கி என்ன செய்கிறார்? சும்மா ஒரு கொப்பியில் எழுதி வைப்பதில்லை. அந்த நம்பரோடு நாம் எந்தத் திகதியில் வந்தோம், என்ன வாங்கினோம், எவ்வளவுக்கு வாங்கினோம் என்பதும் சேர்ந்து பதிவாகிறது. பெரிய சுப்பர் மார்க்கட்களில் புள்ளி சேர்க்கிற திட்டம் இருக்கிறது. நம்பரைச் சொன்னால் புள்ளி ஏறும், புள்ளிக்குக் கொஞ்சம் காசு கழியும். அது பொய் இல்லை, உண்மையிலேயே கழியும். ஆனால் அது சும்மா கிடைக்கிற கழிவு இல்லை. நம் வீட்டுக் கணக்கை அவருக்குச் சொன்னதற்கு அவர் தருகிற கூலி. பால்மா வாங்குகிற வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் பத்தாம் பதினொராம் திகதி நம் ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால், ஒன்பதாம் திகதி ராத்திரி மெசேஜ் வரும். தீபாவளி முற்பணம் கொடுக்கிற கிழமையில் உங்கள் போனை எடுத்துப் பாருங்கள். கணக்கப்பிள்ளைக்குத் தெரிகிற மாதிரியே கடைக்காரருக்கும் நம் சம்பளத் திகதி தெரியும்.

நான் கடைக்காரர்களைத் திட்ட வரவில்லை. விற்கிறது அவர் தொழில். சில மெசேஜில் உண்மையிலேயே அரிசி விலை, சீனி விலை குறைந்திருக்கும், போய் வாங்கினால் லாபம்தான். ஆனால் மெசேஜைப் படிக்கிற விதம் ஒன்று இருக்கிறது. "50 சதவீதம் வரை கழிவு" என்று போட்டிருந்தால் அதில் பெரிய சொல் 50 இல்லை. 'வரை' என்ற சின்னச் சொல்தான். கடையில் ஒரே ஒரு பழைய சட்டைக்கு 50 சதவீதம் குறைத்துவிட்டு மற்றதுக்கெல்லாம் 5 சதவீதம் குறைத்தாலும் அந்த மெசேஜ் பொய் ஆகாது. "தெரிந்தெடுத்த பொருட்களுக்கு மட்டும்" என்று இருந்தால், தெரிந்தெடுத்தவர் அவர், நாம் இல்லை. "இன்று மட்டும்" என்று வந்தது நாளைக்கும் வரும். சந்தேகம் என்றால் அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருந்து அடுத்த மாதம் பாருங்கள்.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது தவணை மெசேஜ். "கையில் காசு வேண்டாம், மாதம் 3,500 ரூபா மட்டும், டி.வி. உங்கள் வீட்டில்" என்று வருகிறது. ஒரு கணக்குக்குப் பார்ப்போம். அந்த டி.வி.யின் ரொக்க விலை 60,000 ரூபா என்று வைத்துக் கொள்ளுங்கள். மாதம் 3,500 வீதம் 24 மாதம் கட்டினால் 84,000. கூடக் கட்டுகிறது 24,000. மெசேஜில் 3,500 இருக்கும், இந்த 24,000 இருக்காது. 2024 இல் நம்முடைய அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்ததே, அந்தச் சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் 24,000 என்பது கிட்டத்தட்ட 18 நாள் பேர். அட்டைக் கடியிலும் மழையிலும் 18 நாள் எடுத்த கொழுந்து. டி.வி. பார்ப்பது தப்பு என்று சொல்லவில்லை. 18 நாள் பேர் போகிறது என்று தெரிந்து கொண்டு வாங்குவது வேறு, தெரியாமல் வாங்குவது வேறு.

இதைத் தோட்டத்திலேயே சொல்லி இருக்கலாமே, இவ்வளவு தூரம் கூட்டி வந்து சொல்வானேன் என்று நினைப்பீர்கள். இந்த மண்ணிலே இதற்குச் சாட்சி இருக்கிறது. 2009 இல் சண்டை முடிந்து, ஏ-9 பாதை திறந்த பிறகு வடக்குக்கு முதலில் வந்தவர்களில் தவணைக்குச் சாமான் கொடுக்கிறவர்களும், லீசிங் கம்பெனிகளும், நுண்கடன் கொடுக்கிறவர்களும் இருந்தார்கள். வருஷக் கணக்காக ஒன்றும் இல்லாமல் இருந்த சனத்துக்கு மோட்டார் சைக்கிள், பிரிட்ஜ், போன் எல்லாம் வாசலுக்கு வந்தது. கையெழுத்து மட்டும் போடு என்றார்கள். போட்டார்கள். பிறகு கிழமைக்குக் கிழமை காசு சேர்க்க ஆள் வந்தபோது ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தார்கள். பெண்கள்தான் அதிகம் கஷ்டப்பட்டார்கள். கடைசியில் 2018 இல் அரசாங்கமே தலையிட்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்க வேண்டி வந்தது. அன்றைக்கு ஆள் வாசலுக்கு வந்தார். இன்றைக்கு மெசேஜ் வருகிறது. நம் தோட்டங்களிலும் இது தொடங்கிவிட்டது என்று உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

படிக்காத சனம்தான் ஏமாறும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த வட்டுக்கோட்டை படிப்புக்குப் பேர் போன ஊர். 1823 இலேயே அமெரிக்க மிஷனரிமார் இங்கே செமினரி தொடங்கிவிட்டார்கள். ஆசியாவிலேயே மேல்படிப்பு முதலில் வந்த இடங்களில் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில், காலையில் நம்மோடு தேத்தண்ணி குடித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னார்: தபால் கந்தோரில் இருந்து வந்த மாதிரி ஒரு மெசேஜ். "உங்கள் பார்சல் நிற்கிறது, விலாசம் சரியில்லை, இந்த லிங்கை அழுத்திச் சிறு தொகை கட்டுங்கள்." அவருக்கு வெளிநாட்டில் மகன் இருக்கிறார், பார்சல் வரும் என்று காத்திருந்தவர்தான். அழுத்தினார். கார்ட் நம்பரைக் கேட்டது. நல்ல வேளை, மருமகள் பார்த்து நிறுத்திவிட்டார். இப்படிப் பொய் மெசேஜ் வருகிறது, நம்ப வேண்டாம் என்று தபால் திணைக்களமே அறிவித்தல் கொடுத்திருக்கிறது.

கடையின் உண்மையான மெசேஜுக்கும் கள்ளனின் மெசேஜுக்கும் தோற்றத்தில் வித்தியாசம் இல்லை. அதுதான் ஆபத்து. கடை மெசேஜ் தினமும் வந்து வந்து நம் கண் பழகிவிடுகிறது. பழகிய கண்ணுக்கு முன்னால் கள்ளன் வந்து நிற்கிறான். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் மேல் லயத்து அக்கா ஒருவர். பேர் வேண்டாம். முதல் மாதம் ஒரு கடையில் சீட்டிழுப்பு என்று பெயர், நம்பர் எழுதிப் போட்டிருந்தார். அது உண்மையான சீட்டிழுப்புத்தான். அடுத்த மாதம் "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்று மெசேஜ். கூப்பிட்டுப் பேசினால் ஒரு ஆள் இனிக்க இனிக்கத் தமிழில் பேசினான். பரிசை அனுப்ப 6,000 ரூபா போன் வழியாகக் கட்டச் சொன்னான். தீபாவளி முற்பணம் கையில் இருந்தது. கட்டினார். இன்னும் 4,000 கேட்டான். அதையும் கட்டினார். பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. புருஷனுக்குச் சொல்லப் பயம், பக்கத்துக் காம்பராவுக்குச் சொல்ல வெட்கம். மூன்று மாதம் நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தார். அந்தத் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை இல்லை, ஏன் இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லவும் முடியவில்லை. அவர் என்னிடம் சொல்லும்போது 10,000 ரூபா போனதைச் சொல்லி அழவில்லை, சின்ன மகள் கேட்ட கேள்வியைச் சொல்லித்தான் அழுதார்.

உண்மையான பரிசுக்கு நாம் காசு கட்ட வேண்டியதில்லை. பேங்கில் இருந்து வருகிற ஓ.டி.பி. என்ற இரகசிய எண்ணைக் கேட்கிறவன் யாராக இருந்தாலும் கள்ளன், மேனேஜர் என்று சொன்னாலும் கள்ளன். தப்பு நடந்துவிட்டால் மூன்று மாதம் வைத்திருக்கக் கூடாது, மூன்று மணித்தியாலம் கூட வைத்திருக்கக் கூடாது. உடனே பேங்குக்குச் சொல்லுங்கள், பொலிசுக்குப் போங்கள். இந்த மாதிரிக் கணினி, போன் மோசடிக்கு இலங்கை சேர்ட் என்ற நிறுவனத்தின் நம்பர் 101. கடை சொன்ன விலை ஒன்று, பில்லில் போட்ட விலை வேறு என்றால் நுகர்வோர் அதிகார சபை, 1977. பில் கேட்டால் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை, அது சட்டம். போன் கம்பெனியோடு பிரச்சினை என்றால் தொலைத்தொடர்பு ஆணைக்குழு, 1900. இந்த மூன்று நம்பரையும் பிள்ளைகளைக் கொண்டு போனில் இப்போதே பதிந்து வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2022 இல் நம் நாட்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று, 9 ஆம் இலக்கச் சட்டம், நிறைவேறியது. நம் சம்மதம் இல்லாமல் விளம்பர மெசேஜ் அனுப்பக் கூடாது, வேண்டாம் என்று சொல்வதற்குச் செலவில்லாத வழி கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்து, தள்ளிப் போடப்பட்டன. சட்டம் வந்து நம்மைக் காப்பாற்றும் வரைக்கும் போனை மூடி வைத்துக் கொண்டு இருக்க முடியுமா?

இந்தியாவில் நம்மை விட முந்திவிட்டார்கள். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் போய் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தோட்டங்களில் இருக்கிற நம் சொந்தக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அங்கே 1909 என்ற நம்பருக்குச் சொல்லிப் பதிந்தால் விளம்பர மெசேஜை மறித்துவிடலாம். 2023 மே மாதத்தில் டில்லி அரசாங்கம் இன்னொன்றும் சொன்னது. பில் போடுவதற்குப் போன் நம்பர் கட்டாயம் என்று கடைக்காரர் வற்புறுத்தக் கூடாது என்று. அதாவது நேற்று நமக்கு நடந்ததேதான். சும்மா ஒரு நம்பர் என்றால் ஒரு அரசாங்கம் அதைப் பற்றிப் பேசுமா?

ஆகவே இனிமேல் கவுண்டரில் நம்பர் கேட்டால், "எதுக்கும்மா?" என்று சிரித்துக் கொண்டே கேளுங்கள். கேட்பதில் குறைச்சல் இல்லை. மாற்றுவதற்கு, திருத்துவதற்குத் தேவை என்றால் சொல்லலாம், அது நியாயம். விளம்பரத்துக்கு என்றால், "வேண்டாம், பில்லை மட்டும் போடுங்க" என்று சொல்லலாம். நம்பர் இல்லாவிட்டாலும் பில் வரும்.

நம் சேமிப்புக் குழுவில் ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், அந்தக் கிழமை வந்த கடை மெசேஜ்களை ஏ.எல். படிக்கிற பிள்ளை ஒன்று சத்தமாக வாசிக்கட்டும். கூட்டுறவுக் கடை விலையையும் டவுன் கடை விலையையும் பக்கத்தில் எழுதிப் பார்ப்போம். லாபம் உள்ளது இருந்தால் பத்துக் குடும்பத்துக்குச் சேர்த்து ஒருவர் போய் வாங்கி வரலாம், பஸ் காசும் மிச்சம். தவணை மெசேஜ் என்றால் மொத்தத் தொகையையும் நாள் பேரையும் போர்டில் எழுதிவிடுவோம். கூடிச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் மூளாயில் சனங்களே கூட்டுறவாகச் சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரி இருக்கிறது, போகும் வழியில் காட்டுகிறேன்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. போனை வாசிக்கத் தெரிந்தது வீட்டில் பெரும்பாலும் பிள்ளைதான். அப்பா, ஸ்பீக்கர் வாங்கலாம், மெசேஜ் வந்திருக்கு என்று வாசித்துக் காட்டும். திட்டாதீர்கள். முழுத் தொகை எவ்வளவு என்று நீயே கூட்டிச் சொல்லு என்று கொப்பியைக் கையில் கொடுங்கள்.

(உரைக்குப் பிறகு, "ஏற்கனவே நம்பரைக் கொடுத்தாச்சே, இனி வேண்டாம் என்று அந்த மெசேஜுக்கே பதில் அனுப்பினால் நிற்குமா?" என்று ஒரு தாய் கேட்டார். அதற்குச் சொன்ன பதில்:)

பெரும்பாலும் நிற்காது அம்மா. நம்பருக்குப் பதிலாகக் கடையின் பெயர் மட்டும் வருகிற மெசேஜுக்கு நாம் திருப்பி அனுப்ப முடியாது, அந்தப் பெயருக்குப் பின்னால் வாங்கிக் கொள்கிற போன் எதுவும் இல்லை. மெசேஜின் அடியில் நிறுத்துவதற்கு வழி ஏதும் எழுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்த கடை என்றால் மட்டும் அதன்படி செய்யுங்கள், தெரியாத பெயர் என்றால் அதில் எதையும் அழுத்த வேண்டாம். இல்லாவிட்டால் கடைக்கு நேரில் கோல் எடுத்து, என் நம்பரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லுங்கள். அதுவும் சரிவராவிட்டால் உங்கள் போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குத் தமிழிலேயே பேசலாம், எந்தப் பெயரில் வருகிறதோ அந்தப் பெயரைச் சொன்னால் மறிப்பதற்கு வழி சொல்வார்கள். போனிலேயே மறிக்கவும் முடியும், பெரிய பொத்தான் போனில் சிலவற்றில் மட்டும் அந்த வசதி இல்லை. பேங்க் மெசேஜையும் கிளினிக் மெசேஜையும் தவறுதலாக மறித்துவிடாமல் மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள்.